ஸ்கேனர் மேல் பழி

போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சுப்பையா இறந்துபோனான் என்று அவன் மகன் முருகேசன் போனில் சொன்னதும் நான் அழவில்லை, கம்ப்யூட்டரைப் போட்டேன். உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். எங்கள் தொழில் அப்படி. சங்கரன்கோவிலில் நானும் அவனும் சேர்ந்து போஸ்டர் வடிவமைக்கிற டிடிபி கடை நடத்தினோம். சாவுச் செய்தியோடு யாராவது படியேறினால் முதலில் மெஷினைப் போட்டுவிடுவோம். இறந்தது யார், என்ன வயது என்பதெல்லாம் அப்புறம்தான். மெஷின் எழுந்து வர அவ்வளவு நேரம் ஆகும்.

"அப்பா படம் இருக்கா சித்தப்பா? எங்ககிட்ட இருக்கதெல்லாம் படுக்கையில எடுத்தது. பத்து மணிக்குள்ள குடுத்தா ஃப்ளெக்ஸ் அடிச்சிருவாங்க. நாலு மணிக்கு எடுக்கோம்."

"இருக்கு. நல்ல படம் இருக்கு" என்றேன்.

பொத்தானை அமுக்கினால் பெட்டிக்குள்ளிருந்து சூடேறிய தூசி வாசனை வரும். அது வந்தால் எனக்கு மைதாப் பசை வாசனையும் கூடவே வந்துவிடும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் எங்கள் கடை வாசலில்தான் பசை காய்ச்சி வாளியில் ஆற வைப்பார்கள். பின்தெருவில் விசைத்தறிச் சத்தம். அது திடீரென்று நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் யுபிஎஸ் ஏழு நிமிஷம் தாங்கும். அந்த நேரம் பார்த்து மெஷின் மக்கர் பண்ணி அணைத்துப் போட வேண்டி வந்தால், எழுந்து வர ஆறு நிமிஷம். மிச்சமுள்ள ஒரு நிமிஷத்தில் சிவகிரியில் இறந்த பெரியவருக்கு மாலை போட்டு, பெயரில் பிழை பார்த்து, சேமிக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கத்துவேன். சுப்பையா, "செத்தவரே பொறுமையா இருக்காரு, ஓமக்கு என்ன வே அவசரம்?" என்பான்.

படத்தில் அவன் கறாரானவன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்தால் தொடமாட்டான். "இது போலீஸ் தேடுத ஆளு மாதிரில்லா இருக்கு? வீட்டுல கலியாண ஆல்பம் கிடக்கும், போயி எடுத்துட்டு வாங்க." கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தவரையும் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புவான். அழுதுகொண்டு வந்தவர்கள் திட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் ஆல்பத்தோடு வருவார்கள். பந்தியில் இலைக்கு முன்னால் சிரிக்கிற ஒரு முகத்தை அவன் தேடிப் பிடித்து, ஸ்கேனரில் கவிழ்த்து, பக்கத்தில் இருப்பவர்களையெல்லாம் வெட்டிவிடுவான். மறுநாள் சுவரில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று நம்மைக் கேட்பதுபோல இருக்கும். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று, "அடப்பாவமே, நம்ம பால்காரரு!" என்பார். போஸ்டர் ஒட்டுவதே அதற்குத்தானே? போனது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

வேலையில்லாத ஒரு மத்தியானம், "நம்ம ரெண்டு பேரு படத்தையும் இப்பவே ஸ்கேன் பண்ணி வச்சிருவோம் வே. அந்த நேரத்துல நாமளா எந்திரிச்சு வந்து செலக்ட் பண்ணப் போறோம்?" என்றான். "வாயைக் கழுவும்" என்றேன். கேட்கவில்லை. அவன் தங்கை கல்யாணத்தில் யாரோ எடுத்த இரண்டு படங்கள். அவனுடையதில் கையில் சாம்பார் வாளி, பந்தியில் யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறான். என்னுடையதில் நான் விரல் நீட்டி இலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். "இதுதான் நீரு" என்றான். அச்சுப் படங்கள் பிற்பாடு அவன் வீடு மாறியபோது மற்ற ஆல்பங்களோடு தொலைந்தன. மெஷினுக்குள் மட்டும் இருந்தன.

அந்த ஸ்கேனரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு டிரைவர் உண்டு. வண்டி ஓட்டுகிறவர் இல்லை. ஸ்கேனரையும் மெஷினையும் பேச வைக்கிற சின்ன மென்பொருள். மெஷின் எழும்போதே அதுவும் எழுந்து, ஸ்கேனர் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சுப்பையா வயரைக் கழற்றி மாட்டுவான், டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவான், "மூதேவி" என்று ஒரு தட்டும் தட்டுவான். சரியாகிவிடும். எங்கள் கடையில் மெஷின் தாமதித்தால் காரணம் ஸ்கேனர்தான்; வேறு எதையும் நாங்கள் சந்தேகப்பட்டதே இல்லை.

கடையை மூடியபோது மெஷின் என் வீட்டுக்கு வந்தது. ஸ்கேனர் உடைந்து பழைய இரும்புக்குப் போனது. டிரைவர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

ஒரு மாதமாக மெஷின் எழுந்து வர ஒன்பது நிமிஷம் எடுத்தது. முன்பு எங்கள் கடையில் டைப் அடித்த செல்வி, இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். அவள் வந்து கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். ஸ்கேனர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி.

"பாத்தீங்களா அண்ணாச்சி? இல்லாத ஸ்கேனர இன்னும் தேடிக்கிட்டுக் கிடக்கு."

எனக்குப் பரம திருப்தி. உடனே சுப்பையாவுக்குப் போன் போட்டேன். படுக்கையில் கிடந்தான். "நான்தான் எப்பவும் சொல்லுவேம்லா வே, அந்த மூதேவிதான்னு" என்றான். குரல் பாதியாகிவிட்டிருந்தது, ஆனாலும் சிரித்தான்.

டிரைவரை முடக்கினோம். ஏழு நிமிஷமாகக் குறைந்தது. காப்பி போட்டுக் குடித்தோம். மறுநாள் பதினொன்று. முழுக்க நீக்கினோம், பழையதைத் தேடித் திரும்பப் போட்டோம், இந்த மாதிரி டிரைவர் எதுவும் கூட எழாத சேஃப் மோடில் போட்டுப் பார்த்தோம். அதிலும் தாமதம்தான். ஸ்கேனரைத் தவிர வேறு எதையாவது நினைத்திருந்தால் அங்கேயே விஷயம் புரிந்திருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருமுறை அணைத்துப் போட்டோம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒருநாள் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைக்கூட எடுத்துப் பெட்டியின் மேல் பூசினேன். தோல் வியாதிக்குக் கேட்கிறதே, இதற்கும் கேட்காதா என்றுதான். சிரிக்காதீர்கள்.

"முக்கியமானத பென்டிரைவுல எடுத்து வச்சிருவோமா?" என்று செல்வி கேட்டாள். எடுத்தோம். கரண்ட் பில், பென்ஷன் தாள், பேத்தி ஆடிய வீடியோ. எங்கள் இரண்டு படங்களும் இருந்த இடம் வந்தது. செல்விக்கும் அது என்னவென்று தெரியும். அவன் படுக்கையில் கிடக்கிறபோது அஞ்சலிப் படத்தை மட்டும் தனியே எடுத்து வைப்பதா? அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதை எடுக்காமலே தாண்டிவிட்டோம்.

முருகேசன் போன் செய்த செவ்வாய்க்கிழமை, மெஷின் எழும்போது வருகிற வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பிறகு திரை கறுத்தது. உள்ளே "டக்... டக்..." என்று ஒரு சத்தம். செல்வியைக் கூப்பிட்டேன். தலைகூட வாராமல் வந்தாள். பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, டிரைவர் இல்ல. ஹார்ட் டிஸ்க் போயிட்டு. மொதல்லருந்தே அதுதான் போயிக்கிட்டு இருந்திருக்கு. நாம ஒவ்வொரு தடவையும் அணைச்சு அணைச்சுப் போட்டு..."

எத்தனை தடவை என்று எனக்குத்தான் தெரியுமே.

"வெளியூருல திறந்து எடுத்துக் குடுக்காங்க. வாரக்கணக்குல ஆவும். கிடைக்கும்னு சொல்ல முடியாது."

முருகேசனுக்குப் போன் செய்தேன். "பரவால்ல சித்தப்பா, ஆதார்ல இருக்கு. அதப் பெருசாக்கிருவாங்க" என்று என்னைத் தேற்றினான். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னான்.

மூன்று மணிக்கு நடந்தே போனேன். அவன் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வானம், மேகம், புறாக்கள், நடுவில் ஒரு முகம். கண்கள் பயந்து விரிந்திருந்தன, வாய் இறுகியிருந்தது. எதையோ திருடி மாட்டிக்கொண்டவன்போல இருந்தான். எதிரே டீக்கடைக்காரர். எங்கள் கடைக்கு வருஷக்கணக்காக டீ கொடுத்தவர்; சுப்பையா படுக்கையில் விழுந்த பிறகுதான் இந்த முனைக்குக் கடையை மாற்றியிருந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்:

"யாரு அண்ணாச்சி இது? நம்ம பக்கமா?"

"சுப்பையா."

"எந்தச் சுப்பையா?"

"டிடிபி சுப்பையா."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அவரா? அவரு சிரிச்ச மொகம்லா!" என்றார். ஃப்ளெக்ஸைச் சந்தேகமாகவும் என்னை அதைவிடச் சந்தேகமாகவும் பார்த்தார்.

ஆமாம், சிரித்த முகம். அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. போஸ்டர் ஒட்டிய சுவர்களில் இப்போது கடை விளம்பரங்கள். சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறவர்களும் இல்லை. ஃப்ளெக்ஸையும் மூன்றாம் நாள் அவிழ்த்து மாடிக்கொட்டகைக்கு விரித்துவிடுவார்கள். காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பின்பு, அவன் வீட்டு ஆட்களை விட்டால் அந்தச் சிரிப்பை நேரில் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று தெருமுனையில் நின்று எண்ணினேன். டீக்கடைக்காரர், செல்வி, நான். நாலாவது ஆள் நினைவுக்கு வரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.