பூமாலையின் முறைத் தண்ணீர்

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் பூமாலையின் ஊரில், பங்குக் கிணற்றுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் சேறு வாரும்போது ஒவ்வொரு பங்காளியும் கிணற்றுக்குள் ஆள் இறக்க வேண்டும். இறக்காதவனின் தண்ணீர் முறை, அவனுக்கும் சேர்த்து ஆள் இறக்கியவனுக்குப் போய்விடும். மறுபடி சேறு வாரும் வரை அவன்தான் அதை ஆளுவான். வெளியூர் போகிறவன், “என் பேருக்கு இவன் ஆள் இறக்குவான்” என்று மூன்றாவது பங்காளி ஒருவரின் காதில் போட்டுவிட்டுப் போனால் முறை கைவிட்டுப் போகாது.

பூமாலை அப்படி மூன்றாம் ஆள் காதில் போடாமல் போனார். எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. அவரும், அதே கிணற்றில் பங்குள்ள சித்தப்பா மகன் காசிநாதனும் சேர்ந்துதான் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். போலீஸ் வந்தபோது காசிநாதன் கரும்புக்குள் புகுந்துவிட்டான். பூமாலைக்கு முழங்கால் வலி, பிடிபட்டார். இருட்டுவதற்குள் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுவந்தவனும் காசிநாதன்தான்.

“கெணறு வாரப்போறாங்க. எனக்கும் சேத்து ஆள் எறக்கிடுடா.”

“அத நா பாத்துக்கறேன். நீ மொதல்ல துன்னு.”

தீபாவளி கழிந்துதான் ஜாமீன் கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகு, தன் முறை நாளில் மோட்டார் போடப் போனார். கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

“பூட்டு இன்னாத்துக்குடா?”

“மோட்டாருக்கு நல்லதுண்ணே. சாவி என்னாண்டதான் கீது.”

“இன்னிக்கு எம் முறை.”

காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டினான். “ரெண்டாளு எறக்குனது நானு. வேணும்னா கொளஞ்சி அண்ணியக் கேளு.”

கொளஞ்சியம்மாள் மூன்றாம் பங்குக்காரி, இறந்துபோன பெரியப்பா மகனின் மனைவி. அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டாளும் தம் பேர்லதான்னு தம்பி சொல்லிச்சி. இல்லன்னு சொல்ல நா யாரு? மரம் வெட்டறதுக்கு ஊரையே கூப்ட்ட. போறப்ப எனக்கு ஒரு வார்த்த சொல்லியனுப்ப ஆள் கெடைக்கல உனக்கு.”

“தம்பியாண்ட சொன்னா போதும்னு இருந்துட்டேன் அண்ணி.”

“அதான் இப்ப தம்பியாண்டயே கீது.”

பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லி மனைவி ரங்கம்மாள் பிடிவாதமாக நின்றாள். கூட்டினால் என்னவென்று சொல்வது என்பதுதான் பூமாலையின் கவலை.

“திருடிக்கினான்னு சொல்லு.”

“திருடறவன் தெரியாம எடுப்பான். இவன்கிட்ட நாந்தான குடுத்தேன்.”

“அப்ப புடுங்கிக்கினான்னு சொல்லு.”

“புடுங்குனா ரெண்டு கையும் இழுக்கணும். எங்கையிதான் சோத்துல இருந்துச்சே.”

“வளச்சிப் போட்டுக்கினான்.”

“இன்னாத்தடி வளச்சான்? வரப்பு இருந்த எடத்துலதான் கீது.”

“நல்லா வக்கீலு வேல பாக்கற, அவனுக்கு,” என்று ரங்கம்மாள் எழுந்து போனாள்.

அவர் சொன்னது சரிதான். நிலம் போகவில்லை, அதனால் அபகரிப்பு இல்லை. கிணற்றில் பங்கும் போகவில்லை. அது அவர் பேரிலேயே இருந்தது. கைமாறியது தண்ணீர் வரும் நாள் மட்டும். அதை ஆளுகிறவன் ஊர்ச் சட்டப்படியே ஆளுகிறான். மிச்சமிருந்த ஒரே சொல் துரோகம். சோறு கொண்டுவந்த கையை நினைத்தால் அந்தச் சொல்லும் பொருந்தவில்லை. சோற்றை எடுத்துக்கொண்டு வரும்போதே இதை நினைத்திருந்தானா, இல்லை, ஆள் இறக்கும்போதுதான் தோன்றியதா என்பதை மட்டும் அவர் திரும்பத் திரும்ப யோசித்தார். பஞ்சாயத்து கூடவில்லை.

மாசியில் கரும்புத் தோகை நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. வேறு கிணறு கிடையாது. காசிநாதனின் தண்ணீர் அவர் வயலை ஒட்டிய வாய்க்காலில்தான் ஓடியது. எதிர்ப்பட்ட இடத்திலெல்லாம் அவன் சொன்னான், “ஒரு வார்த்த கேட்டா தரமாட்டனா நானு? நீ இன்னா அசலா?”

பூமாலை கேட்கவில்லை. ஒரு நாள் ரங்கம்மாள் போய்க் கேட்டாள். அவன் உடனே தலையாட்டினான். மறுநாள் காலையிலேயே மோட்டார் போட்டான்.

தண்ணீர் வருவதைப் பார்த்தபின் பூமாலையால் சும்மா நிற்க முடியவில்லை. மண்வெட்டியால் மடை திறந்தார். முதல் பாத்தி குடித்தது, அடுத்ததும் குடித்தது. வயல் பாதிகூட நனைந்திருக்காது. கொட்டகை வாசலிலிருந்து காசிநாதன் கூவினான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையான அக்கறைதான் இருந்தது.

“போதுமாண்ணே?”

நனையாத பாத்திகளைப் பூமாலை பார்த்தார். இன்னும் வேண்டும் என்றால் விடுவான். இன்றும் விடுவான், இனி எப்போது கேட்டாலும் விடுவான்.

“போதும்டா,” என்று சொல்லி மடையை அடைத்தார்.