கல்லைத் தட்டிக் கேட்டவர்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பழைய லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்து, அந்த இடிபாட்டையே அரைத்துப் புதுவீடுகளுக்குச் சல்லிக்கல் ஆக்கினார்கள். அரைக்கும் இயந்திரத்துக்குக் கல் பொறுக்கிப் போட்டவரை அங்கேதான் பார்த்தேன். புருவம்வரை வெள்ளைத் தூசி. பனிமூட்டத்தில் ஆளைப் பிரித்தறிவதே கஷ்டம். ஒவ்வொரு கட்டியையும் விரலை மடக்கித் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீரென்றால் இயந்திரத்துக்கு, மொத்தென்றால் பாதை நிரவ.

எங்கள் அடுப்படித் தரையிலிருந்து பெயர்ந்த கரிபிடித்த துண்டொன்றை அவரிடம் கொடுத்தேன். புதுவீட்டுத் தரையிலும் அது இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

தட்டினார். "இது தரைக்கு ஆகாதுங்க."

"இன்னொருக்கா தட்டிப் பாருங்கண்ணே."

இம்முறை கதவைத் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டினார். உள்ளேயிருந்து யாரோ எழுந்து வரப்போவதுபோல வெகுநேரம் காத்திருந்தார்.

"யாரும் இல்லீங்க. எல்லாரும் புது வீட்டுக்குப் போயிட்டாங்க போல."

துண்டு எங்கள் புதுவீட்டு வாசல் பாதைக்கு அடியில் போனது. பனி இறங்கும் பின்னேரங்களில் சிலசமயம் கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. திறந்தால் பாதை மட்டும் கிடக்கிறது. ஆனாலும், "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.