வாய்க்கால் தாண்டிய ஜீப்

ஜீப்பை உயர்த்துவது பெரிய வித்தை இல்லை. சக்கரத்தின் மேலிருக்கும் வில்லுப்பட்டையில் இன்னும் இரண்டு பட்டை சேர்த்தால் வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும். வம்பு அதற்குப் பிறகுதான். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அதிகமாகச் சரிந்துவிடும். சரிந்தால் அடியில் இருக்கும் குறுக்கு இரும்பில் இடிக்கும்.

கூத்தாநல்லூர்ப் பட்டறையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, எங்கள் ஊர் மிராசுதார் தம் ஜீப்பை உயர்த்தக் கொண்டுவந்தார். ஆட்சி மாறிய புதிது. கூலி நெல்லை உயர்த்தாமல் அறுப்பில்லை என்று எங்கள் தெருவே அரிவாளைக் கீழே போட்டிருந்தது. அம்மாவும் அதில் ஒருத்தி. அறுக்க வெளியூர் ஆட்கள் நடந்து வந்தால் மறித்துவிடலாம், வண்டியில் வந்தால்? அதனால் வயலுக்குப் போகும் பாதையைக் குறுக்கே வெட்டி வாய்க்காலை அகலமாக்கியிருந்தார்கள். அந்த வெட்டைத் தாண்டத்தான் மிராசுதாருக்கு உயரமான வண்டி வேண்டியிருந்தது. எல்லாம் தெரிந்துதான் கை வைத்தேன். வயிற்றுப் பிழைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் தடவை வாய்க்காலில் இறங்கியதுமே ஷாஃப்ட் மடேர் மடேரென்று இடித்தது. வண்டி வந்த வழியே திரும்பியது. கரையில் ஒரே சிரிப்பு. அன்று வீட்டுக்குப் போனால் தெருவே என்னைக் கொண்டாடுகிறது. நான் வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்ததாக நினைத்துவிட்டார்கள்.

“எம்மவனப் பாத்தீங்களா? என் வயித்துல பொறந்துட்டு எங்க வயித்துலயே அடிப்பானா அவன்?” என்று அம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

பேசாமல் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டிருக்கலாம். எனக்கோ உள்ளே காந்தியது. நான் எங்கே கெடுத்தேன்? வண்டி தரையில் நிற்கும்போது இடைவெளியைப் பார்த்தேன். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. கற்றுக்குட்டி செய்கிற தப்பு. என் வேலையைப் பார்த்து ஊர் சிரித்துவிட்டதே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மிராசுதார் பட்டறைக்கு வந்து, “முடியலன்னா சொல்லிடுடா, தஞ்சாவூருக்குக் கொண்டுபோறேன்” என்றார்.

முடியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். கதிர் முற்றி உதிரத் தொடங்கியிருந்தது. தஞ்சாவூரில் வேலை முடிந்து வண்டி திரும்புவதற்குள் அவரே பேச்சுக்கு இறங்கி வந்திருப்பார்.

“வேணாங்க. நானே முடிச்சுத் தர்றேங்க” என்றேன்.

இந்தத் தடவை வண்டிக்கு முட்டுக் கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டேன். குறுக்கு இரும்பில் களிமண்ணை அப்பி, ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றினேன். எங்கே உரசுகிறது என்று மண்ணே காட்டிக்கொடுத்தது. அந்த இடத்தைப் பிறையாக வெட்டியெடுத்து, பலத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு கொடுத்துச் சரிவையும் குறைத்தேன். மறுபடி சுழற்றியபோது தாராளமாக விரல் நுழைந்தது. சந்தோஷத்தில் விசிலடித்தேன். பாவி, விசிலடித்தேன்.

“நீயும் ஏறுடா” என்று மிராசுதார் என்னைத் தமக்குப் பக்கத்தில், முன்னால் உட்காரவைத்துக்கொண்டார். பின்னால் வெளியூர் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி வாய்க்காலில் இறங்கியது. முனகல்கூட இல்லாமல் அக்கரை ஏறியது. “சபாஷ்டா!” என்று முதுகில் தட்டினார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே பாதையை மறித்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா.

ஆண்டை எதிரே வந்தால் சேற்றில் இறங்கி வழிவிடுகிற வழக்கத்தை எங்கள் தெரு அப்போதுதான் விட்டிருந்தது. இனி இறங்க மாட்டோம் என்று முதலில் நின்றவர்களில் அம்மாவும் உண்டு. அவள் ஜீப்பைப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். என் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்திருக்க வேண்டும்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கி எனக்கு வழிவிட்டாள்.