ஜன்னல் வழியே எறிவதற்கு ஒரு சொல்

டிஃபெனஸ்ட்ரேட். அந்த வாரம் முழுக்க இந்த ஆங்கில வினைச்சொல் என் வாயை விட்டு இறங்கவில்லை. ஆளையோ பொருளையோ ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது என்று பொருள். லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் ஜன்னல். பிராக் நகரத்தில் கோபக்காரக் கூட்டமொன்று அதிகாரிகளை அப்படி வீசியதில் பரவிய சொல்லாம். இப்போது பதவியிலிருந்து ஒருவரைத் தூக்குவதற்கும் சொல்கிறார்கள்.

"இதுக்குன்னு தனியா ஒரு வார்த்தையா?" தறியில் உட்கார்ந்தபடி அண்ணன் சிரித்தான். "வெள்ளைக்காரனுக்கு வேற வேலையே இல்ல."

"நம்ம ஜன்னலே போர்ச்சுகீசு வார்த்தைதான், தெரியுமா?"

"பேஜார் பண்ணாம போ. இல்ல, உன்னத்தான் தூக்கிப் போடுவேன்."

போடவும் முடியும். எங்கள் மாடித் தறி அறையின் ஜன்னலுக்குக் கம்பி இல்லை. குறுகலான படியில் தறிமரம் ஏறாது. கம்பியைக் கழற்றி, கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றினோம். இரண்டு வருடமாகியும் அப்பா கம்பியைத் திரும்பப் பொருத்தவில்லை.

மறுநாள் காலை அப்பா மாடிக்கு ஓடி வந்தார். அவர் மாதக்கணக்கில் யோசித்து உருவாக்கிய புடவை டிசைன் அடுத்த தெரு விசைத்தறியில் ஓடிக்கொண்டிருந்தது. டிசைன் முழுவதும் ஓட்டை போட்ட அட்டைகளில் இருக்கும். எண் வரிசையில் கோத்துத் தறிமேல் தொங்கும். அண்ணன் அவற்றைச் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"யாருக்குடா அனுப்பின?" அப்பா அட்டைச் சரத்தைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"ஃபிரெண்டு கேட்டான், குடுத்தேன். இன்னா இப்போ?"

ஊடு நூல் ஓட்டும், இரும்பு முனை வைத்த மர நாடாவால் அப்பா அவன் நெற்றியில் அடித்தார். ரத்தம் கண்ணை மறைத்தது. அண்ணன் அவரைத் தறிமீது தள்ளினான். எழுந்தவர் அவன் கழுத்தை நெரித்து ஜன்னல்மேல் சாய்த்தார். தலையும் தோளும் வெளியே போய்விட்டன.

"செத்துப் போடா!"

நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. அண்ணன் சட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலடியில் கிடந்த அட்டைச் சரத்தை மறு கையால் தெருவில் எறிந்தேன்.

"அப்பா, அட்டை!"

அப்பாவின் பிடி விட்டது. அவர் படியில் இறங்கி ஓடினார். அண்ணனை உள்ளே இழுத்தேன். இருமி முடித்து அவனும் ஓடினான். சரம் அறுந்து, ஒரு பைக் ஏறிப் போயிருந்தது. இருவரும் தெருவில் குந்தி அட்டை பொறுக்கினார்கள்.

"முப்பத்தியேழு எங்க?"

"உன் காலுக்குக் கீழ பாரு."

அப்பா தன் துண்டை அவன்மேல் வீசினார். "தலையில கட்டு. ரத்தம் சொட்டி அட்டை பாழாவுது."

பிறகு மேலே வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அன்று மாலையே ஜன்னலுக்குக் கம்பி வந்தது.