ஐஸ் கம்பெனிச் சுவரோரம் காய்ந்த துணி

மங்கை தன் சாயத் தொட்டியில் சோப்பு பட விடமாட்டாள். பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். வெறும் மணல் போட்டுத்தான் தேய்ப்பாள். ஆனி மாதத்தில் ஒரு காலை, கொடியில் கிடந்த துணியின் ஓரம் சிவந்திருந்ததைப் பார்த்ததும் மகள் ஜோதிகாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டீல இன்னாடி போட்டே?"

"நான் அந்தாண்டயே போவல. எது ஆனாலும் என்னையே சொல்லு."

வெயில் ஏறியதும் துணி மறுபடி மஞ்சளாகிவிட்டது. அதுதான் மங்கைக்குப் பிடிக்கவில்லை. சோப்புக் கறை தானாகப் போகாது.

ராயபுரத்தில் கடலைப் பார்த்துப் போகும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. கணவன் கோதண்டம் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். அந்தச் சந்தின் ஒவ்வொரு குடும்பமும் தன் வலை மிதவையில் ஒரு குறி வெட்டும். ஒரு வீட்டுக்குப் பிறை, ஒரு வீட்டுக்கு நண்டுக்கால், மங்கை வீட்டுக்கு மூன்று கோடு. கடலில் வலைகள் சிக்கிக்கொண்டால் குறியைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அந்தக் குறிகளை மங்கை அச்சுக்கட்டைகளாக வெட்டினாள். யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த படகுப் பலகையில் உளி வழுக்கி, விரல் கிழிந்து கற்றுக்கொண்டாள். துருப்பிடித்த படகு ஆணிகளை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கறுப்பு எடுப்பாள். கடுக்காய் நீரில் நனைத்துக் காயவைத்த துணியில் குறியை அடித்து, விரலி மஞ்சள் கொதித்த தண்ணீரில் இறக்குவாள். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் உடுத்தும் பெண்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு துப்பட்டா, பை என்று போனில் படம் பார்த்து அடையாறிலிருந்தும் கேட்டார்கள்.

மறுநாளும் துணி சிவந்தது. அவள் துணியைத் துண்டுகளாகக் கிழித்து மொட்டைமாடியில், வாசலில், பின்பக்கச் சுவரோரத்தில் கட்டிவைத்தாள். சுவரோரத் துண்டு மட்டும் விடியும்போது ரத்த நிறத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி.

ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பதை எல்லாப் பெண்களும் பார்த்திருக்கிறார்கள். இங்கே சுண்ணாம்பின் வேலையைக் காற்று செய்துகொண்டிருந்தது. கருவாடும் டீசலும் சாக்கடையும் கலந்த அந்தச் சந்தில், ஐஸ் கம்பெனியில் குளிரூட்டும் அமோனியாவின் காரமான வாடையைத் தனியாக யாரும் முகர்வதில்லை. மங்கை சின்னப் பெண்ணாக இருந்தபோது வேறொரு ஐஸ் கம்பெனியில் குழாய் விட்டுப்போய், ஐஸ் உடைக்கும் ஆள் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். கண் திறந்தபடி இருந்தது. அதை அவள் மறக்கவில்லை.

ஐஸ் கம்பெனி முதலாளி பொன்ராஜ் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். மங்கை சிவந்த துண்டைப் பையில் வைத்து எடுத்துப் போனாள். அவர் மேசையில் வைத்தபோது அது மஞ்சளாக இருந்தது.

"காத்தால செவப்பா இருந்திச்சு அண்ணாச்சி. உங்க பைப்புலேர்ந்து கேஸ் வருது."

"ஏ தங்கச்சி, என் கண்ணுக்கு மஞ்சளாத்தானே தெரியுது?" அவர் சிரித்தார். "கம்ப்ரசர்ல லேசா கசிவு எங்கேயும் உள்ளதுதான். ஆடி கழியட்டும், ஆளைக் கூப்பிட்டுப் பாத்துக்கிடுதேன். இந்த வருசம் கூழுக்குத் தெரு முழுக்க உன் துணிதான் கட்டணும். வீட்டுக்கு வீடு அவங்கவங்க குறி போட்டு. செலவு என்னோடது."

அவளுக்கு அதுவரை வந்த ஆர்டர்களில் அதுவே பெரியது. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

கோதண்டம் வலையிலிருந்து தலை நிமிராமல் கேட்டான். "கம்பெனிய மூடிட்டா மீன இன்னாமே பண்றது? உன் முந்தானைல கட்டிக் குளுர வெச்சுக்குவியா?"

"மூடச் சொல்லலய்யா. பைப்ப மாத்தச் சொல்றேன்."

"மாத்துற வரைக்கும் ஐஸு? பேஜாரு பண்ணாத."

இதற்குள் விடிகாலையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிவந்த துணிகளைப் பார்த்துவிட்டார்கள். அம்மன் முகம் சிவக்கிறாள் என்று கற்பூரம் ஏற்றினார்கள். மங்கை காற்றைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா ஒன் கைல வந்துகீறா, நீ இன்னாடான்னா கேஸுன்றியே!" துணிக்கு ஆள் வரிசை நின்றது. மங்கை விற்றாள். சுவரோரச் சிவப்பு நாளுக்கு நாள் கொடியில் நீண்டுகொண்டே வந்தது. பிள்ளைகள் இருமினார்கள்.

ஆடி ஞாயிறு. சந்தின் மேற்குக் கோடியில் ஐஸ் கம்பெனி கேட்டிலிருந்து கிழக்கே கடற்கரை வரை, வீட்டுக்கு வீடு குறுக்கே துணி கட்டியிருந்தது. நடுவில் கூழ் அண்டாக்களும் அம்மன் கரகமும் மேளமும். மேற்குக் காற்று அடித்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய பிறைக் குறித் துணி முதலில் சிவந்தது. அதுவரை பட்டப்பகலில் எந்தத் துணியும் சிவந்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்து நண்டுக்கால். குலவை ஓங்கியது. யாரோ கைதட்டினார்கள். மங்கைக்கு மட்டும் அடுத்து எந்த வீடு என்று தெரிந்தது. பிறை வீட்டுக் கிழவர் இருமி வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"கேஸு! ஓடுங்க!" என்று கத்தினாள். மேளத்தில் அது கேட்கவில்லை. கேட்டவர்களும் சிரித்தார்கள்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அண்டாவிலிருந்த கூழை வாரித் தலையில் ஊற்றிக்கொண்டாள். தொண்டையிலிருந்து வேறு குரலை எடுத்தாள்.

"எரியுதுடா எனக்கு! கரகத்தத் தூக்குடா! கடலுக்குக் கொண்டு போடா! ஒருத்தரும் பின்னால நிக்கக் கூடாது! நிக்கிறவன் வூட்டுல வெளக்கு எரியாது!"

மேளம் நின்று, மறுகணம் வேகமெடுத்தது. கரகம் கிளம்பியது. சந்து மொத்தமும் அதன் பின்னால் ஓடியது. பிறை வீட்டுக் கிழவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். மணலுக்கு வந்ததும், "தெக்கால போ!" என்று அவர்களைக் காற்றின் வழியிலிருந்து விலக்கினாள். கோதண்டம் அவள் முகத்தையே பார்த்தபடி ஓடிவந்தான். அது அவள் குரல்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பின்னால் பட்டாசு வெடித்ததைப் போல ஒரு சத்தம். சந்து வெள்ளைப் புகையில் மூடியது. கண் எரிந்து எல்லோரும் அழுதார்கள். கிழவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் கம்பெனியில் காவலாளி மட்டும்தான் இருந்தான். அவனும் கூழ் குடிக்க வந்திருந்தான்.

மங்கை மறுவாரம் வீடு வீடாகப் போனாள். புதுக் குழாய் போடும்வரை கம்பெனியைத் திறக்க விடக் கூடாது, எல்லோரும் சேர்ந்து கேட்போம் என்றாள். அது சாமி இல்லை, தான்தான் அப்படிக் கத்தியது என்றும் சொன்னாள்.

எதிர்வீட்டுக்காரி அவள் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாத மங்க. சாமி வந்தவங்களுக்கே அது தெரியாது. அவ கீறா, எது வந்தாலும் முன்னாடியே சொல்லிடுவா. நமக்கு இன்னா பயம்?" என்று சொல்லி அவள் காலைத் தொட்டாள்.

வெடித்த இடத்தில் ஒட்டுப் போட்டு, ஆவணி பிறக்கும் முன்பே கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். வண்டிகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயின. பொன்ராஜ் ஒரு தட்டில் பூவும் பழமும் புடவையும் வைத்து அனுப்பியிருந்தார்.

மங்கை தட்டைத் தொடவில்லை. மூன்று கோடு போட்ட துண்டு ஒன்றைச் சுவரோரம் கட்டிவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்தாள். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே ஜோதிகா தூக்கத்தில் இருமினாள்.

துண்டின் கீழ்நுனி சிவந்துகொண்டிருந்தது.