அகதா டீச்சரின் ஒரு தவறு

அகதா பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடம் நடத்துவாள். தட்டுகளைப் பிள்ளைகள்போல் வரிசையாகச் சாய்த்து வைத்துக் கேள்வி கேட்பாள். குழம்புச் சட்டி உருண்டால், "சத்தம் போடாதே" என்று அதட்டுவாள். ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டுதான் அவளுக்கு வகுப்பறை. 1978இல் இருவரும் பயிற்சி ஆசிரியைகள். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம்.

ஓரிடத்தில் நிலைகொள்ள மாட்டாள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்துபோவாள். "பசிக்குதுலா, ஆனா எறங்க மாட்டேங்குது" என்பாள்.

ஒருநாள் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் கார்த்திகேசு அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வந்து, கடைசி பெஞ்சில் அமர்ந்தார். தாய் பிள்ளையை எழுப்பும் படத்தைக் காட்டி, "காலையில் உங்களை எழுப்புவது யார்?" என்று இரண்டாம் வகுப்பைக் கேட்டாள் அகதா.

செல்லாயி என்ற சிறுமி எழுந்தாள். "யாருமில்ல டீச்சர். அம்மா இருட்டுலயே பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் குடுத்துட்டு பால்மரம் வெட்டப் போயிரும். நாந்தான் தம்பிய எழுப்புவேன்."

"தவறு. படத்தைப் பார்த்துச் சொல். உட்கார்."

அடுத்த பிள்ளை "அம்மா" என்றது. வகுப்பு கைதட்டியது.

"பாகுஸ், பிரமாதம் அகதா. கிளாஸ் உங்க கைக்குள்ளயே இருந்துச்சு" என்று பாராட்டிவிட்டுப் போனார் கார்த்திகேசு. வேறொருத்தியாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். இவளோ வீடு திரும்பும் வரை பஸ்ஸின் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

"அது உள்ளதத்தானேலா சொன்னுச்சு? நான் ஏன் தப்புன்னேன்?"

"சார் பின்னால இருந்தாரு. பயந்துட்டே" என்றேன்.

"பயந்தது நானு. அதுக்கு அந்தப் பிள்ளையா உக்காரணும்?"

மறுநாள் எங்கள் வகுப்புகளைப் பிரித்த பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அகதாவின் குரல் கேட்டது.

"நேத்து டீச்சர்தான் தப்பா சொல்லிட்டேன். செல்லாயி சொன்னதுதான் சரி. செல்லாயி, தம்பிய எப்படி எழுப்புவே? எங்களுக்குச் சொல்லும்மா."

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். செல்லாயி தலையைக் குனிந்தபடி நின்றாள். பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

அகதா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இஸ்திரி போட்ட சேலை சிமெண்டுத் தரையில் புரள, அந்தச் சிறுமியின் காலடியில் குந்தி, குனிந்திருந்த முகத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள்.