பின் இருக்கை வைத்த பிக்கப்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ஹென்டர்சனில் நாங்கள் புருசனும் பெண்சாதியுமாக இரண்டே பேர். ஆனால் நான் வாங்கி வைத்திருந்த படகில் ஐந்து பேர் போகலாம். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த அண்ணர், அண்ணி, அவர்களின் மகள் மூவரையும் எண்ணித்தான் அவ்வளவு பெரிய படகை வாங்கினேன். அதை டிரெய்லரில் ஏற்றி இழுக்க ஒரு பிக்கப் வண்டி தேவைப்பட்டது.

பென்ரோசில் வண்டி விற்றவர், முன் இருக்கை மட்டுமே உள்ள ஒரு பிக்கப்பைக் காட்டினார். “இழுப்பது பெரிய காரியமில்லை. இறக்கத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். உங்கள் படகின் பாரத்துக்குப் பின் இருக்கை வைத்ததைவிட இதுதான் பத்திரம்” என்றார்.

மனைவி என் காதுக்குள், “அந்தாள் சொல்லுறதைக் கேளுங்கோவன். எங்க ரெண்டு பேருக்கும் இது காணும்” என்றாள்.

“அப்ப அண்ணை ஆக்கள் எங்க இருக்கிறது? படகுக்குள்ளயோ?” என்று சீறினேன்.

பின் இருக்கை உள்ள வண்டியைத்தான் வாங்கினேன். படகின் பாரத்தை அது மட்டுமட்டாகத் தாங்கியது. இறக்கம் வந்தால் ஆமை மாதிரி உருட்டுவேன். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.

இங்கே வர அவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. அண்ணர் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. மனைவி அந்த வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

பின் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவே இல்லை. படகைத் தண்ணீரில் இறக்க வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியில் முதலில் அந்த இருக்கைதான் தெரியும். அதைத் தாண்டித்தான் படகைப் பார்க்க வேண்டும்.